சொர்க்கத்தின் விலாசம்

நமது புராணங்களில் சொர்க்கலோகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், மேலே கையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதே வழக்கம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து வழி சொல்லுவதில்லையாகையால், அதற்குமேல் விவரம் கேட்பாரும் இல்லை. மேனாட்டார் அப்படிச் சும்மா விட்டுவிடுகிறவர்கள் அல்லர். 1768-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர்கள் சொர்க்கத்துக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்துவிட்டார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 17½ டிகிரி. கிரீனிச்சுக்கு மேற்கே 149½ டிகிரி. பஸிபிக் மகாசமுத்திரத்தின் நடுவிலுள்ள தாஹிதி என்னும் தீவுதான் அது.

விலாசம் எழுதியவர் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர். நமது நேயர்களுக்கு இவர் முற்றிலும் அந்நியர் அல்லர். நம் ஊர்களில் மதிற்சுவர்மேல் படர்ந்து சிவப்பும் ஊதாவுமாய்ப் பூத்துக் கிடக்கும் காகிதப்பூவுக்குப் ‘பூகன்வில்லா’ என்ற பெயர் வந்தது இவரால்தான். அவருடன் சென்ற தாவர சாஸ்திரி அதே யாத்திரையில் பிரேஸில் கரையில் அந்தச் செடியைக் கண்டு, தலைவரின் பெயரைச் சூட்டினார். தாஹிதியில் பூகன்வில் தங்கியது சுமார் பத்து நாள். காதல் தேவதை பிறந்ததாகக் கிரேக்கர்கள் கொண்டாடும் சிதேராத் தீவின் பெயரை அதற்கு இட்டு, ஊர் திரும்பி, 1771-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். அங்கே மனிதன் பாடுபட வேண்டியதில்லை, மரமே சோறு போடுகிறது, பொழுதெல்லாம் ஆட்டமும் பாட்டமும்தான் என்று பாரிஸ் நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் அந்தப் புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டார்கள். அந்தத் தீவில் பிரபுக்கள் உண்டு, அவர்களுக்கு அடங்கி நடக்கும் ஏழைகள் உண்டு, கொடிய யுத்தங்களும் உண்டு என்று அதே புத்தகத்தில் அவர் எழுதித்தான் இருந்தார். அந்தப் பக்கங்களை யார் படிக்கிறார்கள்?

அன்று வரைந்த சித்திரம் இன்றளவும் சாயம் போகவில்லை. நீலக் கடல், அதன்மேல் சாய்ந்த தென்னை, பின்னால் மேகம் சூடிய மலை, முன்னால் காதில் வெள்ளைப் பூச் செருகிய பெண். காலண்டர்களில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. கடல் அப்படித்தான் நீலமாக இருக்கிறது, மலையும் அப்படியே. ஆனால் அந்தப் படத்தில் வேலை செய்கிற மனிதன் ஒருவனைக்கூடக் காணோம் என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அந்த ஒரு குறையினால் விளைந்தவை கொஞ்சநஞ்சம் அல்ல. அதைச் சொல்லுமுன் தீவுகள் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடுவோம்.

வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூஸீலந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு, இந்த மூன்றையும் கோடிட்டு இணைத்தால் ஒரு பெரிய முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 4,500 மைல். இதுதான் பாலினீசியா. பஸிபிக் தீவு என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது பிஜி. நம் ஜனங்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்க் கண்ணீர் வடித்த இடமாயிற்றே! ஆனால் பிஜி இந்த முக்கோணத்துக்குச் சற்று வெளியே, மேற்கு வாசலில் இருக்கிறது. தாஹிதி கிட்டத்தட்ட முக்கோணத்தின் நடுவில். பிரான்ஸின் ஆதிக்கத்தில் இன்றும் இருந்துவரும் தாஹிதி முதலிய நூற்றுச் சொச்சம் தீவுகளை ஒன்றாகச் சேர்த்தால், தரை நம்முடைய கோவா அளவுதான் தேறும். அவை சிதறிக் கிடக்கும் கடலோ இந்தியா தேசத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஒரு பெரிய கல்யாணப் பந்தலில் ஒரு பிடி அரிசியை வீசினாற்போல.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது? கடலின் அடியிலிருந்து. இந்தத் தீவுகள் எந்தக் கண்டத்திலிருந்தும் உடைந்து வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் சமுத்திரத்தின் அடித்தளத்திலிருந்து நெருப்புக் குழம்பு கக்கிக் கக்கி எழுந்த எரிமலை. தாஹிதியே இரண்டு எரிமலைகள் ஒரு குறுகிய நிலத்தினால் ஒட்டிக்கொண்டு நிற்பது. பெரியதன் சிகரமான ஓரோஹேனா 7,300 அடிக்கு மேற்பட்டது. விந்தை என்னவென்றால், நெருப்பு எழும் இடம் நிலையாக இருக்கிறது. அதன் மேலுள்ள கடலின் தரை மட்டும் வருஷத்துக்கு நாலு அங்குலம் வீதம் வடமேற்காக நகர்ந்துகொண்டேயிருக்கிறது. ஆகையால் ஒரு தீவு பிறந்து, நகர்ந்து, நெருப்பை இழந்து அணைந்துபோக, அது விட்டுச்சென்ற இடத்தில் அடுத்தது பிறக்கிறது. தாஹிதிக்கு வயது ஏறக்குறையப் பத்து லட்சம் வருஷம். பத்துப் பன்னிரண்டு மைல் வடமேற்கே உள்ள மூரேயா அதற்கு அக்காள். நூற்றறுபது மைலுக்கு அப்பால் உள்ள போரா போராவுக்கு முப்பது லட்சம் வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கிழம் ஆக ஆக மலை தேய்கிறது. அதோடு தன் பாரத்தினாலேயே கடலுக்குள் அமிழ்ந்துகொண்டும் போகிறது. போரா போராவின் சிகரம் இன்று 2,400 அடிகூட இல்லை.

மலை அமிழ்ந்தால் தீவு ஒழிந்தது என்றுதானே நினைப்போம்? அங்கேதான் பவளப் பூச்சிகள் வருகின்றன. வெதுவெதுப்பான, தெளிந்த, வெயில் ஊடுருவும் ஆழமற்ற நீரில்தான் இவை வாழும். தீவின் கரையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டி உட்கார்ந்துகொள்கின்றன. மலை ஒரு அங்குலம் தாழ்ந்தால் இவை ஒரு அங்குலம் மேலே கட்டுகின்றன. முதலில் கரையை ஒட்டியிருந்த பவளச் சுவர், மலை சுருங்கச் சுருங்க விலகி நிற்கிறது. சுவருக்கும் கரைக்கும் நடுவில் அலையில்லாத காயல் உண்டாகிறது. காலண்டர்க்காரர்கள் உயிரை விடும் அந்தப் பச்சைநீல வர்ணம் இந்தக் காயலின் வர்ணமே. கடைசியில் மலை முழுவதும் மறைந்துபோகப் பவள வளையம் மட்டும் கடல்மேல் மிதப்பதுபோல் நிற்கும். துவாமோத்துக் கூட்டத்தில் இப்படி எண்பதுக்குச் சற்றுக் குறைவான வளையத் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் ரங்கிரோவா ஐம்பது மைல் நீளம். ஆனால் அதன் தரையோ கடல் மட்டத்துக்கு மேல் ஓர் ஆள், இரண்டு ஆள் உயரந்தான்.

இந்த இரகசியத்தைக் கண்டு சொன்னவர் டார்வின். 1835-ம் வருஷம் நவம்பரில், இருபத்தாறு வயது வாலிபராக ‘பீகிள்’ கப்பலில் தாஹிதிக்கு வந்து, மலைச்சரிவில் ஏறி நின்று எதிரே மூரேயாவைப் பார்த்தார். மலை, அதைச் சுற்றி அமைதியான நீர், அதைச் சுற்றி வெள்ளை நுரைக் கோடு. நடுவிலுள்ள மலையை எடுத்துவிட்டால் வளையத் தீவு! 1842-ல் புத்தகமாக எழுதினார். பலர் ஒப்பவில்லை. நூற்றுப்பத்து வருஷங்கள் கழித்து, 1952-ல், வெகு தொலைவிலுள்ள மார்ஷல் தீவுகளில், அமெரிக்கர் ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்த அதே இனிவெடோக் வளையத்தில் துளை போட்டார்கள். நாலாயிரம் அடிக்குமேல் சுண்ணாம்பாகவே போய், கடைசியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் சொன்னது சரியாயிற்று.

இனிச் சீதோஷ்ணம். தென்கிழக்கு வியாபாரக் காற்று வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் வீசுவதால், பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் தாஹிதியில் வேகாத வெயில் கிடையாது. சராசரி உஷ்ணம் 26 டிகிரி சென்டிகிரேட்; மாதத்துக்கு மாதம் வித்தியாசம் அற்பம். மே முதல் அக்டோபர் வரை காற்றும் குளிர்ச்சியும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புழுக்கமும் மழையும். நாம் மார்கழியில் போர்வை தேடும்போது அவர்கள் விசிறி தேடுவார்கள். அவர்களுடைய பழைய கணக்கில் வருஷத்தின் இந்த இரண்டு பாதிகளையும் பிரிப்பது ஒரு நட்சத்திரக் கூட்டம். நவம்பர் இருபது தேதி வாக்கில், அந்தி வேளையில் அது கிழக்கே முளைத்தால் விளைச்சல் காலம் பிறந்தது. மே மாதத்தில் மேற்கே மறைந்தால் அருகிய காலம். ‘மத்தாரி’ என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கூட்டம் வேறொன்றும் அல்ல, நமது கார்த்திகைதான். இங்கே நாம் வாசலில் அகல் ஏற்றும் அதே பருவத்தில் அங்கே பழக்காலம் தொடங்குகிறது.

ஒரே தீவில் இரண்டு சீமைகள் என்பதையும் சொல்லவேண்டும். காற்று மலையில் மோதுகிற கிழக்குப் புறத்தில் மழை கொட்டித் தீர்க்கும். மலை மறைவில் இருக்கும் தலைநகர் பப்பேத்தேயில் வருஷத்துக்குச் சுமார் எழுபது அங்குலம் என்றால், எதிர்ப்புறத்தில் அதைப்போல் இரண்டு பங்கு. உள்மலையில் அதற்கும் மேல். மலையே இல்லாத வளையத் தீவுகளிலோ மேகம் தடுக்கப்படாமல் பறந்துபோய்விடும். ஆறு இல்லை, ஊற்று இல்லை. பெய்த மழை பவள மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரைவிட இலேசானதால் அதன்மேல் ஒரு தட்டுப்போல மிதக்கிறது. அந்த மெல்லிய தட்டுத்தான் குடிநீர். ஆழத் தோண்டினால் உப்பு; தோண்டாவிட்டால் தாகம். அளவறிந்து குழி வெட்டி, இலைதழை கொட்டி மண் உண்டாக்கி, அதில் சேம்பு பயிரிட்டுப் பிழைத்தார்கள். மரமே சோறு போட்ட அழகு இது!

புயலும் இல்லாமலில்லை. பஸிபிக்கின் வெந்நீர்ப் பகுதி கிழக்கே நகரும் ‘எல் நினோ’ வருஷங்களில் அவை தேடி வரும். 1982-83 பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல புயல்கள் வந்து வீடுகளைப் பெயர்த்தன.

வேடிக்கையான விஷயம் ஒன்று. நம் கடற்கரைகளில் கடலின் ஏற்றமும் வற்றமும் சந்திரனைப் பின்பற்றி நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம் பிந்திக்கொண்டே போகும். தாஹிதியில் அப்படியில்லை. ஏறக்குறைய எல்லா நாளும் நடுப்பகலிலும் நள்ளிரவிலும் ஏற்றம்; காலை ஆறு, மாலை ஆறு மணிக்கு வற்றம். சந்திரன் எழுப்பும் பெருக்கு அந்த வட்டாரத்தைச் சுற்றிச் சுழன்று போகிறதேயன்றி அங்கே உயர்வதில்லை. எனவே சூரியன் எழுப்பும் சிறு ஏற்றம் மட்டுமே எஞ்சி நிற்கிறது. அதன் உயரமும் ஓர் அடிதான். கடலையே கடியாரமாக வைத்துக்கொள்ளும் பாக்கியம் வேறு யாருக்கு உண்டு?

மரமே சோறு போடும் கதைக்கு இப்போது வருவோம். அந்த மரம் சீமைப்பலா; ஈழத்தில் ஈரப்பலா என்பார்கள். நம் பலாவுக்குத் தாயாதி முறை. சுட்டால் ரொட்டிபோல் இருக்கும். காப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜோசப் பாங்க்ஸ் என்ற ஆங்கிலேயச் சீமான், இந்த ஜனங்கள் ஆயுளில் ஒரு மணி நேரம் செலவிட்டுப் பத்து மரம் நட்டுவிட்டால் போதும், தலைமுறைக்குச் சாப்பாட்டுக் கவலையில்லை என்று கணக்குப் போட்டார். கணக்கு நன்றாயிருக்கிறது. ஆனால் தாஹிதியில் விளையும் சீமைப்பலாவுக்கு விதை கிடையாது! வேரிலிருந்து கிளம்பும் கன்றை எடுத்து நட்டால்தான் உண்டு. கன்று கடலில் நீந்தி வராது. மனிதர் வருமுன் அந்தத் தீவுகளில் பறவைகளும் மீன்களும் இருந்தன. வயிறு நிரம்பத்தக்க பயிர் அநேகமாய் ஒன்றுமில்லை. சீமைப்பலா, சேம்பு, வாழை, வள்ளிக்கிழங்கு, துணி நெய்யாமல் தட்டிச் செய்வதற்கு மல்பெரிப் பட்டை, இவையும் பன்றி, நாய், கோழியும் தோணியில் ஏறி வந்தவை. கன்றுகளை உப்புக் காற்று படாமல் பொத்தி, குடிக்கும் நீரில் பங்கு கொடுத்து, வாரக்கணக்கில் காத்துக் கொண்டுவந்தார்கள். சொர்க்கத் தோட்டத்தில் தானாக முளைத்ததாகச் சீமையில் நினைத்த ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் அதை நட்ட ஒரு கை இருந்தது. பழம் இல்லாத மாதங்களுக்காக, இலை பரப்பிய குழியில் பழத்தைப் புளிக்கவைத்து மூடி, மாதக்கணக்கில் சேமித்தார்கள். அந்த வாசனைக்குப் பழகிய மூக்கு வேண்டும் என்கிறார்கள். நமது கருவாட்டைப் பற்றிப் பிறர் சொல்வதும் அதுவே.

பாங்க்ஸின் கணக்கு வேறொரு வேலை செய்தது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைச் செலவில்லாமல் தீனி போட்டு வளர்க்க இந்த மரம் உதவும் என்று முடிவு செய்து, ‘பௌண்டி’ என்ற கப்பலை அனுப்பினார்கள். 1789-ல் அது 1,015 கன்றுகளுடன் புறப்பட்டது. வழியில் மாலுமிகள் கலகம் செய்து, தலைவரைப் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளையும் கடலில் எறிந்தார்கள். இந்தக் கலகத்தைப் பற்றி எத்தனை சினிமா! 1793-ல் இரண்டாவது கப்பல் கன்றுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடிமைகள் அந்தப் பழத்தை வெகுகாலம் தொட மறுத்துவிட்டார்கள் என்பது நமக்கு ஏனோ திருப்தியளிக்கிறது.

தோணியில் வந்தார்கள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டோம். அது சாமானிய காரியமன்று. இவர்களுடைய முன்னோர் பார்மோஸாப் பக்கத்திலிருந்து கிளம்பித் தீவு தீவாகக் கிழக்கே வந்தவர்கள். மலாய் நாட்டில் இருந்து திரும்பிய நம்மவர்களைக் கேட்டால் கண்ணுக்கு மலாய் பாஷையில் ‘மாத்தா’ என்பார்கள். ஏழாயிரம் மைலுக்கு அப்பால் தாஹிதியிலும் கண் ‘மத்தா’தான். சுமார் 2,800 வருஷங்களுக்கு முன்பே தொங்கா, ஸமோவாத் தீவுகளை அடைந்துவிட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கினார்கள். பிறகு, ராஜராஜன் தஞ்சையில் பெரிய கோயில் எழுப்பிய நூற்றாண்டை ஒட்டி, மறுபடியும் பாய் விரித்து, இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குள் முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் தொட்டுவிட்டார்கள். தென்னமெரிக்காவின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வெள்ளைக்காரர் வருவதற்கு வெகு முன்பே இவர்கள் தோட்டத்தில் இருந்தது. அதுவரையிலும் போய்வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தோணி என்பது நீண்ட இரண்டு தோணிகளை இணைத்து, நடுவில் தளம் போட்டது. பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நாரினால் தைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட கலத்துக்கு இன்று உலகமெங்கும் வழங்கும் பெயர் ‘கட்டமரான்’. அது நம்முடைய கட்டுமரம் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. திசை காட்டும் கருவி இல்லை. எழுதிய படம் இல்லை. எந்த நட்சத்திரம் எந்த இடத்தில் உதிக்கும், எங்கே மறையும், எந்தத் தீவின் நேர் உச்சியைக் கடக்கும் என்பது மனப்பாடம். தாஹிதியின் உச்சியை ஒட்டிக் கடப்பது, வானத்து மீன்களில் யாவற்றிலும் ஒளி மிகுந்த ஸிரியஸ். ஹவாயின் உச்சியில் செல்வது நமது சுவாதி. தாஹிதியிலிருந்து புறப்பட்டவன், சுவாதி தலைக்கு நேராக வரும்வரை வடக்கே போய், பிறகு காற்றோடு மேற்கே திரும்பினால் ஹவாய் அகப்படும். பகலில் அலையின் போக்கைக் கொண்டு திசை அறிவார்கள். மாலையில் கூடு திரும்பும் பறவையும், காயலின் பச்சை நிழல் படிந்த மேகத்தின் அடிவயிறும் கரை கிட்டிவிட்டதைச் சொல்லும். எதிர்க்காற்றில் கிழக்கே எப்படிப் போனார்கள் என்று பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கோடையில் சில நாட்கள் மேற்குக் காற்று திரும்பி வீசும். அதற்காகக் காத்திருந்து போனார்கள். நிலம் அகப்படாவிட்டால் வழக்கமான காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். எவ்வளவு புத்திசாலித்தனமான துணிச்சல்!

1769-ல் ராயாதேயாத் தீவைச் சேர்ந்த துப்பாயா என்ற குரு காப்டன் குக்கின் கப்பலில் ஏறினார். எழுபதுக்கு மேற்பட்ட தீவுகளை ஒரு படத்தில் குறித்துக் கொடுத்தார். கப்பல் எந்தப் பக்கம் சுற்றினாலும் தாஹிதி இருக்கும் திக்கைக் கையால் காட்டினார். நியூஸீலந்தில் இறங்கியபோது அந்நாட்டாரோடு அவரால் பேச முடிந்தது. அடுத்த ஆண்டு இறுதியில், படேவியா துறைமுகத்தில் நோய் கண்டு இறந்தார். இவ்வளவுக்குப் பின்னும், ‘இவர்கள் காற்றில் அடித்துக்கொண்டு வந்தவர்கள், தற்செயலாய்க் கரை ஒதுங்கியவர்கள்’ என்றே மேனாட்டுப் புத்தகங்கள் சாதித்துவந்தன. 1947-ல் ஹெயர்தால் என்ற நார்வேக்காரர் பெரு தேசத்திலிருந்து ‘கோன்-டிக்கி’ என்ற தெப்பத்தில் 101 நாள் மிதந்து வந்து, இவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்றார். அவருடைய தைரியத்தை நாம் மெச்சுகிறோம், முடிவைத்தான் ஒப்புக்கொள்வதற்கில்லை. பின்னர் ஹவாய்க்காரர்கள் பழைய மாதிரியில் ஒரு கலம் கட்டி, அதற்குச் சுவாதியின் பெயரையே, ‘ஹோக்கூலேயா’ என்று வைத்தார்கள். 1976-ல், மைக்ரோனீசியத் தீவான ஸதவாலைச் சேர்ந்த மௌ பியாயிலுக் வழிகாட்ட, ஒரு கருவியும் இல்லாமல் ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட நாட்களில் தாஹிதி வந்து சேர்ந்தார்கள். பப்பேத்தே துறைமுகத்தில் கூடிய ஜனத்திரளைப்போல் அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை.

வெள்ளைக்காரர் வரவால் விளைந்ததைச் சுருக்கமாகவே சொல்வோம். பூகன்வில்லுக்கு முந்தின வருஷம், 1767-ல், வாலிஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே வந்து, எதிர்த்த தோணிகளின்மேல் பீரங்கி பிரயோகித்திருந்தார். அடுத்து வந்த பிரெஞ்சுக்காரருக்குப் பூவும் பழமும் கொண்டு வந்து உபசாரம் செய்ததில் இந்த அநுபவத்துக்கும் பங்கு உண்டு. கப்பல்களோடு வியாதிகளும் இறங்கின. அடுத்த நூற்றாண்டில் ஒரு கட்டத்தில் தாஹிதித் தீவின் ஜனத்தொகை பத்தாயிரத்துக்கும் கீழே போயிற்று. மார்க்கெசாஸ் தீவுகளில் 1920-களில் எஞ்சியவர்கள் இரண்டாயிரம் சொச்சம். 1842-ல் ‘பாதுகாப்பு’ என்று பிரான்ஸ் வந்தது. ‘பாதுகாப்பு’ என்னும் அந்த வார்த்தையின் பொருள் நமது சமஸ்தானங்களின் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். சில வருஷம் போர் புரிந்து பார்த்தார்கள். 1880-ல் தேசம் முழுவதும் பிரான்ஸுடன் சேர்க்கப்பட்டது. 1891-ல் ஓவியர் கோகன் சொர்க்கத்தைத் தேடி வந்து இறங்கியபோது, பப்பேத்தே பிரெஞ்சு உத்தியோகஸ்தர்களின் ஊராக மாறியிருந்தது. அவர் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, தாம் தேடி வந்ததையே வரைந்தார். காலண்டர்களுக்கு மறுபடியும் யோகம்.

மனிதர் இல்லாத அழகிய வெறுங்கடல் என்ற அந்தச் சித்திரம் கடைசியாக யாருக்குப் பயன்பட்டது தெரியுமா? அணுகுண்டுக்காரர்களுக்கு. 1962-ல் அல்ஜீரியா விடுதலையடைந்தது. பாலைவனத்தில் குண்டு வெடித்துப் பார்க்கும் வசதி பிரான்ஸுக்குக் கைநழுவும் நிலை ஏற்பட்டது. வேறு இடம் வேண்டுமே! துவாமோத்துக் கூட்டத்தின் கோடியில் முருரோவா, ஃபங்காதௌஃபா என்னும் இரண்டு வளையத் தீவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எதிர்த்துச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். பூவானா ஆ ஓபா என்பவர். ஹுவாஹினேத் தீவில் பிறந்தவர். தச்சு வேலை செய்தவர். முதல் மகா யுத்தத்தில் பிரான்ஸுக்காகவே போரிட்டவர். ஜனங்கள் அவரைத் தந்தை என்று பொருள்படும் ‘மெதுவா’ என்றே அழைத்தார்கள். 1949-ல் பாரிஸ் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1958-ல் பிரான்ஸுடன் சேர்ந்திருப்பதா என்று வாக்கெடுத்தபோது ‘வேண்டாம்’ என்று பிரசாரம் செய்தார். தோற்றார். சில வாரங்களுக்குள், ஊருக்குத் தீ வைக்கத் தூண்டினார் என்று கைது. எட்டு வருஷச் சிறை, பதினைந்து வருஷம் தேசப்பிரஷ்டம். அறுபது வயது தாண்டியவரைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வந்தது 1968-ல். அதற்கு இரண்டு வருஷம் முந்தியே, 1966 ஜூலை 2-ந் தேதி, முதல் குண்டு வெடித்தாகிவிட்டது.

குண்டுகளுக்குப் பெயர் வைத்த அழகை நேயர்கள் கேட்கவேண்டும். முதலாவது ‘அல்டிபரான்’, அதாவது நமது ரோகிணி. அடுத்தது ‘தமுரே’, அது தாஹிதியரின் நடனத்தின் பெயர். பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் நேரில் வந்து பார்த்த குண்டு ‘பெடல்ஜூஸ்’, நமது திருவாதிரை. அக்டோபரில் வெடித்தது ‘ஸிரியஸ்’. எந்த மீனைத் தலைக்கு மேலே கண்டு துப்பாயாவின் முன்னோர் வீடு வந்து சேர்ந்தார்களோ, அந்த மீனின் பெயர்!

மேலே வீசும் காற்று நச்சு மேகத்தை ஆளில்லாத கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று கணக்குச் சொன்னார்கள். 1974 ஜூலை 17-ந் தேதி வெடித்த ‘ஸாந்தோர்’ குண்டின் மேகம் எதிர்பார்த்த உயரம் எழும்பவில்லை. காற்று அதை 750 மைலுக்கு அப்பால் உள்ள தாஹிதிக்கே கொண்டுவந்தது. ஜனங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருஷத்துக்குப் பின் வெடிகள் பூமிக்கடியில் நடந்தன. 1996 ஜனவரியில் நிறுத்தும்வரை மொத்தம் 193. நோய்ப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர 2010-ல் சட்டம் வந்தது. பிரான்ஸ் இந்தத் தீவுகளுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று 2021-ல் பப்பேத்தேயில் ஜனாதிபதி மக்ரோன் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பூவானாவின்மேல் சுமத்திய குற்றத்தைப் பிரெஞ்சு உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. அவர் இறந்து அப்போது நாற்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது.

சொர்க்கத்துக்கு இன்று ஆகாய விமானம் போகிறது. 2023-ல் மட்டும் இரண்டரை லட்சம் பிரயாணிகளுக்கு மேல் போனார்கள். அந்தத் தீவுகளின் ஜனத்தொகையே 2,80,000 அளவுதான். காயலின்மேல் கால் நட்டுக் கட்டிய கூரைக் குடில்களில் தங்குகிறார்கள். வெள்ளைத் தியாரேப் பூவை ஊறவைத்த தேங்காயெண்ணெயைச் சீசாவில் வாங்கி வருகிறார்கள். நம் பாட்டிமார் பூப்போட்டுக் காய்ச்சும் எண்ணெயின் சிற்றப்பன் பிள்ளை அது. விலை மட்டும் வேறு. கடல் உஷ்ணம் ஏறினால் பவளப் பூச்சிகள் வெளுத்துப்போகின்றன. 2019-ல் மூரேயாவைச் சுற்றிலும் அப்படி வெளுத்தன. அவை மடிந்தால் சுவர் வளராது, கடலோ உயர்ந்துகொண்டிருக்கிறது. துவாமோத்துக்காரர்கள் குழி வெட்டும் அந்த மெல்லிய நன்னீர்த் தட்டின்மேல் உப்பு நீர் எத்தனை தடவை ஏறி இறங்கலாம் என்பதுதான் அங்கே இப்போது கேள்வி.

முருரோவாவுக்கு மட்டும் பிரயாணச் சீட்டுக் கிடையாது. அங்கே தென்னையும் காயலும் இருக்கின்றன. இராணுவக் காவலும் இருக்கிறது. பவளத்தைத் துளைத்து வெடித்த கிணறுகளினால் வளையத்தின் விளிம்பு சரிகிறதா என்று கருவிகள் இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கின்றன.